கால்நடைகளின் கட்டி நோய்களும் கருணை மருத்துவமும்
(தீர்த்தமலையில் கால்நடை வளர்ப்போர் கூடிய அவையில் நிகழ்ந்த உரையின் எழுத்து வடிவம்)



தீர்த்தமலை நீரால் பெயர்பெற்ற மலை. தருமபுரி மாவட்டத்தின் அரூர் வட்டத்தில் நிமிர்ந்து நிற்கும் இம்மலைமீது தீர்த்தகிரீசுவரர் திருக்கோயில் அமைந்துள்ளது. இராமர், குமரர், கௌரி, அகத்தியர், அக்கினி ஆகியோர் பெயரால் வழங்கும் தீர்த்தங்களில் நீராட வருவோர், தம் உடற்பிணியும் உளப்பிணியும் தீர வேண்டி நிற்கின்றனர். நோவு இன்ன இடத்தில், இத்தனை நாளாக என்று சொல்லி முறையிடும் வாய் மனிதர்க்கு உண்டு. மலையடிவாரத்துத் தொழுவத்தில் நிற்கும் எருதுக்கு அவ்வாய் இல்லை. அது தலையை ஆட்டும். கொம்பை மரத்தில் உரசும். தீவனத்தில் பாதியை விட்டு ஒதுங்கி நிற்கும். அதன் மொழி அவ்வளவே. அம்மொழியைப் படிக்கத் தெரிந்தவர் அருகில் இல்லையெனில், அதன் நோய் யாருக்கும் தெரியாமலே முற்றிவிடும்.

இந்நிலப்பகுதி நடுகற்களுக்கும் பெயர்பெற்றது. பகைவர் கவர்ந்து சென்ற ஆநிரையை மீட்கும் போரில் உயிர்விட்ட வீரர்க்கு எழுப்பிய கற்கள் தருமபுரி மாவட்டத்தின் பல ஊர்களிலும், தருமபுரி அரசு அருங்காட்சியகத்திலும் இன்றும் காணக் கிடைக்கின்றன. ஆநிரையைத் ‘தொறு’ என்று அக்கற்களின் எழுத்துகள் குறிக்கும். மாட்டின் பொருட்டு உயிரையே ஈந்தவர்களின் மண்ணில், கொம்படியில் தோன்றிய சிறு வீக்கத்தைத் தொட்டுப் பார்க்க ஒரு நிமிடம் ஒதுக்காமையால் ஓர் எருது மடியுமாயின், அது அம்முன்னோர்க்குப் பெருமை சேர்ப்பதாகுமோ? இவ்வினாவிலிருந்தே இவ்வுரை தொடங்குகிறது.

கட்டி எல்லாம் புற்று அன்று

மாட்டின் தோலில் ஒரு புடைப்பைக் கண்டவுடன் உழவர் மனம் இரு வகையில் தடுமாறும். ‘தானே வற்றிவிடும்’ என்று விட்டுவிடுதல் ஒன்று. ‘இனித் தேறாது’ என்று சந்தைக்கு ஓட்டிவிடுதல் மற்றொன்று. இரண்டும் பிழையாகலாம். ஆகவே கட்டியின் இயல்பை அறிதலே முதற்படி.

இளங்கன்றுகளின் கழுத்திலும் தலையிலும், கறவை மாடுகளின் மடிக்காம்பிலும் காலிஃபிளவர் பூவைப்போல் சொரசொரப்பாக எழும் மருக்கள் மிகப் பரவலானவை. பாப்பிலோமா எனும் வைரசால் உண்டாகும் இவை, பெரும்பாலும் சில மாதங்களில் தாமே உதிர்ந்துவிடும். எனினும் ஒரு மாட்டின் கயிறு, ஊசி, கறப்பவர் கை ஆகியவற்றின் வழியாக மற்றொரு மாட்டுக்குப் பற்றும். காம்பில் தோன்றினால் கறக்கும்போது வலியெடுத்து மாடு உதைக்கும். மடிநோய்க்கும் அது வழிகோலும். உதிராமல் பெருகும் மருக்களுக்கு ஊசிமருந்து உண்டு. அம்மாட்டின் மருவிலிருந்தே தயாரிக்கும் தடுப்பு மருந்தும் உண்டு. காம்புபோல் மெலிந்த அடியுடைய மருவை மருத்துவர் நூலால் கட்டியோ அறுத்தோ நீக்குவார்.

உடல் முழுவதும் ஒரே காலத்தில் உருண்டை உருண்டையாகத் தடித்து, காய்ச்சலும் கால்வீக்கமும் சேர்ந்து வந்தால் அது தோல் கழலை நோயாக இருக்கக்கூடும். அது அம்மை இனத்து வைரசால் வருவது, புற்றன்று. 2019-இல் இந்தியாவில் முதன்முறையாக ஒடிசாவில் அறியப்பட்ட அந்நோய், 2022-இல் இராஜஸ்தான், குஜராத் மாநிலங்களில் பேரழிவை விளைத்தது. அதற்குத் தடுப்பூசியே காப்பு. நுகத்தடி அழுத்திக் கழுத்தில் எழும் வீக்கம், முள் தைத்துச் சீழ் கொண்ட கட்டி ஆகியனவும் புற்றல்ல.

உண்மையான தோற்புற்று இரண்டிடங்களில் மிகுதியாகத் தோன்றுகிறது. ஒன்று கண், மற்றொன்று கொம்பு. கண்ணைச் சுற்றிக் கருநிறம் இல்லாத மாடுகளில் வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டுப்பட்டுக் கண்புற்று வளரும். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் வெண்முக ஹெரிஃபோர்டு மாடுகளை வருத்தும் நோய் இதுவே. இமையோரத்தில் அரிசியளவில் இருக்கும்போதே நீக்கினால் பார்வை தப்பும். கொம்புப் புற்றோ இந்திய மண்ணின் தனித்துயர் எனத் தக்கது. திமிலுடைய நம் நாட்டு மாடுகளையே அது மிகுதியும் பற்றுகிறது. ஆகவே இவ்வுரை அதனை விரித்துரைக்கும்.

கொம்புக்குள் நிகழ்வது யாது?

வெளியே கல்போல் இறுகித் தோன்றும் கொம்பு உள்ளே உயிருள்ளது. புற ஓட்டுக்குள் ஓர் எலும்பு உண்டு. வளர்ந்த மாட்டில் அவ்வெலும்பு உட்குழிந்து, நெற்றி எலும்பின் காற்றறையோடு தொடர்புற்றிருக்கும். அவ்வறையின் உட்புறத்தை மெல்லிய சவ்வு போர்த்தியிருக்கும். அச்சவ்வின் உயிரணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகுவதே கொம்புப் புற்று. செதிள் செல் புற்று என்னும் வகையைச் சார்ந்தது இது.

ஐந்து முதல் பத்து வயது வரையுள்ள உழைக்கும் எருதுகளிடமே இது மிகுதி. பசுக்களிடம் குறைவு, காயடிக்காத பொலிகாளைகளிடமும் எருமைகளிடமும் அரிது. நீண்ட கொம்புடைய காங்கிரேஜ் போன்ற இனங்களில் மிகுதியாகக் காணப்படுவது. பெரும்பாலும் ஒரு கொம்பிலேயே தோன்றும். தருமபுரி மண்ணுக்கே உரிய ஆலம்பாடி இனமும் நீண்டு பின்வளைந்த கொம்புடைய உழைப்பு மாடே. காவிரிக்கரை ஆலம்பாடியின் பெயர் தாங்கிய அவ்வினம் எண்ணிக்கையில் அருகிவிட்டமையால், அதனைக் காக்கத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் இம்மாவட்டத்திலேயே ஆராய்ச்சி மையம் நடத்துகிறது. அருகிவரும் இனத்தில் ஓர் எருதின் கொம்பைக் காப்பதும் பெரும்பணியே.

நோய்க்கு ஒற்றைக் காரணம் இதுவென்று அறுதியிட்டுக் கூறுவதற்கில்லை. நெடுநாள் உராய்வே முதன்மையாக ஐயுறப்படுகிறது. கொம்பைச் சுற்றி இறுக்கிய கயிறு, நுகத்தடியின் ஓயாத இடிப்பு, அழகுக்காகவும் கூர்மைக்காகவும் கொம்பை ஆழச் சீவுதல், பித்தளைக் குப்பியின் அழுத்தம் ஆகியவை ஆண்டுக்கணக்கில் அவ்விடத்தைப் புண்படுத்துகின்றன. காயடித்தலால் உடலின் சுரப்புகள் மாறுவதும், வெயிலும், மரபும் துணைக்காரணங்களாகக் கருதப்படுகின்றன. பொலிகாளையிடம் அரிதாகவும் எருதிடம் மிகுதியாகவும் காணப்படுவது சிந்திக்கத்தக்கது. மனிதன் தன் பயன் கருதி விலங்கின்மேல் ஏற்றிய சுமைகளின் தடமே அக்கொம்படியில் நோயாக வளர்கிறது என்று ஐயுற இடமுண்டு.

கண்ணும் கையும் கண்டறியும் குறிகள்

தொடக்கத்தில் வெளியே ஒன்றும் தெரியாது. எருது அடிக்கடி தலையை உதறும். கட்டுத்தறியிலோ மரத்திலோ ஒரு கொம்பை மட்டும் உரசும். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து நிற்கும். நோயுற்ற கொம்பின் பக்கத்து மூக்குத் துளையில் இரத்தம் கலந்த நீரோ சீழோ கசியும். இருபக்க மூக்கும் ஒழுகினால் சளி என எண்ணலாம். ஒருபக்க மூக்கு மட்டும் ஒழுகினால் அப்பக்கத்துக் கொம்பைப் பார்த்தல் வேண்டும். இவ்வொரு குறியை நினைவில் வைத்தாலே பல எருதுகள் பிழைக்கும்.

கை வைத்துப் பார்த்தால் கொம்படி சூடாக இருக்கும். விரல் முட்டியால் இரு கொம்புகளையும் மெல்லத் தட்டினால், நலமான கொம்பு உள்ளீடற்ற ஒலி தரும்; நோயுற்ற கொம்பு அடைத்த ஒலி தரும். தட்டும்போது எருது தலையை இழுத்துக்கொண்டால் அங்கே வலியுண்டு. இத்தேர்வுக்குக் கருவி வேண்டா, காசும் வேண்டா. மாதம் ஒருமுறை, குளிப்பாட்டும்போது செய்தால் போதும்.

நோய் முற்றினால் கொம்பு ஆட்டங்கொடுக்கும். பின்பு ஒருபுறம் தொங்கும். இறுதியில் கழன்று விழும். அவ்விடத்தில் பூக்கோசு போன்ற சதை வெடித்தெழுந்து இரத்தம் வடியும். ஈ முட்டையிட்டுப் புழு நெளியும். இப்புற்று தொலைவிலுள்ள உறுப்புகளுக்குப் பரவுதல் குறைவு. ஆயினும் பக்கத்து எலும்புகளை அரித்து நெற்றியறைக்குள்ளும் அதற்கப்பாலும் புகுந்துவிடும். அந்நிலையில்தான் பெரும்பாலான எருதுகள் மருத்துவரிடமோ, அடிமாட்டு வண்டிக்கோ போய்ச் சேருகின்றன.

இடைப்பட்ட மாதங்களில் நிகழ்பவை துயரமானவை. சிலர் கொம்படியில் சூடு போடுவர்; சிலர் சுண்ணாம்பும் மயில்துத்தமும் அப்புவர். சூடு புற்றை அழிப்பதில்லை. புண்மேல் புண்ணை உண்டாக்கி, உள்ளே வளர்வதை மறைக்கும், நோவை இருமடங்காக்கும், எல்லாவற்றினும் மேலாகக் காலத்தைத் தின்றுவிடும்.

மருத்துவம் செய்வது யாது?

தொடக்க நிலையில் உறுதியான வழி, நோயுற்ற கொம்பை அடியோடு நீக்குதல். கேட்போர்க்கு இது கொடிதாகத் தோன்றலாம். ஆனால் இக்காலத்து முறை எருதுக்கு வலி தெரியாதபடி நிகழ்வது. முதலில் சைலசின் போன்ற மருந்தால் எருது மயக்கமுற்று அமைதியாகும். பின் கண்ணின் வெளிமுனைக்கும் கொம்படிக்கும் இடையே, நெற்றி எலும்பின் விளிம்பை ஒட்டிச் செல்லும் கொம்பு நரம்பைச் சுற்றி லிக்னோகெயின் செலுத்தப்படும். அக்கொம்பு மரத்துப்போகும். மருத்துவர் தோலைக் கீறி ஒதுக்கி, கம்பி வாளால் கொம்பை அடியில் அறுத்து, நோயுற்ற சவ்வை முற்றும் வழித்தெடுத்து, ஒதுக்கிய தோலை இழுத்துத் தைத்துவிடுவார். அறுத்த பகுதியில் சிறு துண்டு ஃபார்மலினில் இடப்பட்டுத் திசு ஆய்வுக்குச் செல்லும். கண்ணால் கண்டது மெய்தானா என்பதை அவ்வாய்வே உறுதிசெய்யும்.

புற்று வேர்விட்டிருப்பதாக ஐயுற்றால் வின்கிரிஸ்டின் எனும் மருந்து வாரம் ஒருமுறையாகச் சில வாரங்கள் இரத்தக்குழாய் வழியே செலுத்தப்படும். தமிழ்நாட்டில் வேலியோரமும் இடுகாட்டோரமும் பூக்கும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து பெறப்படும் மருந்து அது. 1960-களில் மனிதரின் இரத்தப்புற்றுக்கு மருந்தாக வந்து, பின்னர் விலங்குகளுக்கும் உதவியது. நச்சுத்தன்மை மிக்கதாகையால் மருத்துவர் கையாலன்றி அதனைத் தொடலாகாது. கறவை மாட்டுக்கு அதனைக் கொடுத்தால், மருத்துவர் குறிக்கும் காலம் வரை பாலைப் பயன்படுத்தலாகாது. நீக்கிய கட்டியிலிருந்தே சாறு எடுத்து, அதே மாட்டுக்கு ஊசியாகச் செலுத்தி உடலின் எதிர்ப்பைத் தூண்டும் முறையையும் இந்தியக் கால்நடை அறிஞர்கள் ஆய்ந்துள்ளனர்.

அறுவைக்குப் பின் வரும் இரண்டு வாரங்கள் வீட்டாரின் பொறுப்பு. கட்டை நனையாமல் காத்தல், ஈ அண்டாமல் தடுத்தல், நிழலில் நிறுத்தல், தையல் பிரிக்கும் வரை நுகம் பூட்டாதிருத்தல் ஆகியன இன்றியமையாதவை. வலி நீக்கும் மருந்திலும் ஓர் அறம் உண்டு. டைக்ளோபினாக் ஏற்றிய மாடு இறந்தால், அதன் உடலை உண்ணும் பாறுக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டு மடியும். அதனாலேயே 2006-இல் கால்நடைகளுக்கு அம்மருந்து தடைசெய்யப்பட்டது. மெலாக்சிகாம் அக்கேட்டை விளைப்பதில்லை. ஓர் உயிரின் வலியைத் தீர்க்கப் புகுந்து மற்றோர் உயிரைக் கொல்லாமை அருள்நெறிக்கு அணி.

அறுத்தல் இம்சையா?

அருள்நெறியில் நிற்கும் குடும்பங்களில் இங்கே ஒரு தயக்கம் எழுவதுண்டு. ‘வாயில்லா உயிரின் உறுப்பை அறுப்பதா? விட்டுவிட்டால் அதன் வினைப்படி ஆகட்டும்’ என்பர். இத்தயக்கம் இரக்கத்திலிருந்தே பிறக்கிறது. ஆகவே அதற்கு மதிப்போடு விடை கூறல் வேண்டும்.

தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் கொல்லாமை விரதத்துக்கு நேரும் ஐந்து குற்றங்களைத் தொகுத்துரைக்கிறது. கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகைப்பாரம் ஏற்றல், உணவும் நீரும் மறுத்தல் என்பன அவை. உறுப்பறுத்தல் குற்றமாகவே எண்ணப்பட்டுள்ளது என்பது மெய். ஆனால் அதே அத்தியாயம் இம்சையின் இலக்கணத்தையும் வகுக்கிறது. விழிப்பின்மையும் வேட்கையும் கூடிய செயலால் உயிர்க்கு ஊறு விளைத்தலே இம்சை என்பது அதன் கருத்து. அந்நூலுக்குச் சர்வார்த்தசித்தி எனும் உரை கண்ட பூஜ்யபாதர், ஆறாம் அத்தியாய உரையில் ஒரு மருத்துவரை எடுத்துக்காட்டுகிறார். நெஞ்சில் பேரருள் கொண்ட மருத்துவர், துறவி ஒருவரின் உடற்கட்டியைக் கீறுகிறார். துறவிக்கு வலி உண்டாகிறது. ஆயினும் புறத்தே வலிக்குக் காரணமானார் என்பதனால் மட்டும் அம்மருத்துவரைப் பாவம் பற்றுவதில்லை என்று அவ்வாசிரியர் தெளிவுறுத்துகிறார். கட்டியைக் கீறும் கத்தியைப் பற்றிய ஐயத்துக்கு இதனினும் நேரான விடை வேண்டுமோ?

இன்னும் ஒன்று எண்ணத்தக்கது. எருதின் கொம்படியில் நோய் வளரக் காரணமாக ஐயுறப்படுபவை யாவை? இறுக்கிய கயிறு, இடிக்கும் நுகம், ஆழச் சீவிய கொம்பு, காயடித்தல். மேற்கூறிய ஐந்து குற்றங்களுள் கட்டுதலும் உறுப்பறுத்தலும் மிகைப்பாரமும் இவற்றில் அடங்கிக் கிடக்கின்றன. பயன் கருதிய அறுப்பு முன்னமே நிகழ்ந்துவிட்டது. அதன் விளைவைத் தீர்க்க அருள் கருதிச் செய்யும் அறுவை, மனிதன் அவ்விலங்குக்குத் திருப்பித் தரும் கடன். கத்திக்கு அஞ்சிக் காலந்தாழ்த்தி, புழு நெளியும் வரை விட்டுவைத்தலே உண்மையில் கொடுமை.

அறக்கட்டளைகள் செய்யத்தக்கவை

1903-இல் சென்னையில் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கியது. மூன்றாண்டுகள் கழித்து 1906-இல் அதே நகரில், கைவிடப்பட்ட மாடுகளுக்குப் புகலிடமாகச் சென்னைப் பிஞ்சராபோல் எழுந்தது. ஒன்று நோய் தீர்க்கும் கலை. மற்றொன்று இடமும் உணவும் ஈயும் அருள். இரண்டும் கைகோக்கும் இடத்திலேயே விலங்குக்கு முழு நலம் கிட்டும். அடிமாட்டு வண்டியிலிருந்து மீட்ட எருதுக்குக் கொட்டிலும் வைக்கோலும் கொடுத்துவிட்டு, அதன் தொங்கும் கொம்பைப் பாராதிருத்தல் பாதி அறமே.

ஆகவே கோசாலை நடத்தும் அறக்கட்டளைகள் சில எளிய நடைமுறைகளைக் கைக்கொள்ளலாம். புதிதாக வரும் ஒவ்வொரு மாட்டுக்கும் கண், கொம்படி, மடி, வால் அடி ஆகிய நான்கிடங்களையும் பார்த்து ஏட்டில் பதிதல். மாதந்தோறும் மீண்டும் பார்த்தல். தீவனத்துக்கு ஒதுக்கும் நன்கொடையில் ஒரு பகுதியை அறுவைக்கும் திசு ஆய்வுக்கும் தனியே வைத்தல். மாட்டுப் பொங்கலுக்கு முன் ஊர்தோறும் கொம்பு பார்க்கும் முகாம் நடத்தல். கொம்புக்கு வண்ணம் பூச வரும் கை, ஒரு கணம் கொம்படியின் சூட்டையும் பார்க்கட்டும். சீவுதலை அடியோடு விடுதல் நன்று. கயிற்றைக் கொம்பில் இறுக்காமல் தளர்வாகக் கட்டுதல் நன்று.

தனி உழவர்க்கும் உதவி தொலைவில் இல்லை. அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகம் முதற்படி. 1962 என்னும் எண்ணுக்கு அழைத்தால் கால்நடை மருத்துவ ஊர்தியின் உதவி கிடைக்கும். பெரிய அறுவைக்கு 1985-இல் தோன்றிய நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியும், சேலம் மாவட்டத் தலைவாசல் கல்லூரியும் எட்டும் தொலைவிலேயே உள்ளன. முற்றிய நோயில் மருத்துவம் பயன்படாத நிலையும் உண்டு. அப்போதும் வலி நீக்கும் மருந்து, புண் கழுவுதல், நிழல், நீர், மென்மையான தீவனம் ஆகியவற்றைக் கடைசி நாள் வரை மறுக்கலாகாது.

தீர்த்தம் என்னும் சொல்லுக்கு நீர் என்பதோடு, ஆற்றைக் கடக்கும் துறை என்றும் பொருளுண்டு. பிறவிக் கடலைக் கடக்கத் துறை அமைத்தோரைத் தீர்த்தங்கரர் என்று போற்றுவது அதனால்தான். வலியின் ஆற்றில் நிற்கும் வாயில்லா உயிர்க்கும் ஒரு துறை வேண்டும். இன்றிரவு வீடு திரும்பும் ஒவ்வொருவரும் தொழுவத்துக்குச் சென்று, தம் எருதின் இரு கொம்படியிலும் கை வைத்துப் பார்த்தால், அத்துறைக்கு முதற்கல் நாட்டியவர் ஆவர்.

எல்லா உயிரும் நோயின்றி வாழ்க.